கன்னி ஆட்டு வாலும் வெண்சாமரமும்: ஃப்ளை கட்ட விலங்கு முடி தேடும் வழி

மண்புழுவையோ மாவு உருண்டையையோ முள்ளில் கோத்து மீன் பிடிப்பது தாமிரபரணிக் கரையில் சிறுவர்களுக்கும் தெரிந்த வேலை. ஃப்ளை ஃபிஷிங் என்று சொல்லப்படும் முறை அதிலிருந்து இரண்டு வகையில் வேறுபட்டது. முதலாவதாக, அதன் முள்ளில் மீன் தின்னக்கூடிய இரை எதுவும் இருப்பதில்லை. விலங்கு முடி, பறவை இறகு, நூல் ஆகியவற்றை முள்ளின் மேல் வரிந்து கட்டி, நீருக்குள் அது ஒரு பூச்சியாகவோ குஞ்சு மீனாகவோ இறாலாகவோ தவளையாகவோ தோன்றும்படி செய்கிறார்கள். இரண்டாவதாக, இப்படிக் கட்டிய பொருளுக்கு எடை இல்லாததால் ஈயக்குண்டின் கனத்தைக் கொண்டு அதை வீச முடியாது. பருமனும் கனமும் உள்ள தனி வகைத் தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் காற்றில் வீசி, அந்தக் கயிற்றின் கனத்தாலேயே முள்ளைத் தொலைவுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். கட்டி முடித்த அந்த முள்ளுக்கு ஃப்ளை என்று பெயர். நம்மூரில் இதைப் பழகத் தொடங்கும் ஒருவர் கோலையும் கயிற்றையும் இணையத்தில் வாங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு, பிறநாட்டுப் பாடங்களில் சொல்லப்படும் மான் வால், கடமான் முடி, நரி உரோமம் போன்ற பொருள்களுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். இக்கட்டுரை அவருக்கானது.

அந்தப் பெயர்ப்பட்டியலை முதலில் மறந்துவிடுவது நல்லது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவின் ஆறொன்றில் மக்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, அதில் சேவலின் கழுத்திறகு இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். ஊர் ஆட்டின் கம்பளியும் ஊர்ச் சேவலின் இறகும் அந்த வேலைக்குப் போதுமானவையாக இருந்தன. பிற்காலத்தில் வினோதமான பொருள்களைத் தேடுவதும் இந்தக் கலையின் ஒரு பகுதியாயிற்று என்பது உண்மைதான். 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆஸ்டின் என்பவர் கட்டிய ஒரு புகழ்பெற்ற ஃப்ளைக்கு, ஆட்டுக்கிடாயின் விதைப்பையில் வளரும் கம்பளி தேவைப்பட்டது. கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும் அதில் தெளிவான காரணம் உண்டு: அந்த இடத்துக் கம்பளியில் இயற்கையான பிசுக்கு அதிகம், ஆகையால் நீர் எளிதில் ஊறாது, ஒளியும் அதன் இழைகளுக்குள் ஓரளவு ஊடுருவிச் செல்லும். அரிய பொருள் என்பதற்காக ஆஸ்டின் அதை எடுக்கவில்லை. தமக்கு வேண்டிய குணம் எந்த முடியில் இருக்கிறது என்று தேடி, அது கிடாயின் அந்த இடத்தில் இருப்பதைக் கண்டார். முடி தேடுகிறவர் பின்பற்ற வேண்டிய முறை இதுதான்.

குணம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பாலூட்டிகளின் உடலில் பெரும்பாலும் இரண்டு வகை முடிகள் கலந்து வளர்கின்றன. வெளியே தெரிவது நீண்டும் விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும் மேல்முடி; அது மழையையும் வெயிலையும் தடுக்கிறது. அதற்கு அடியில் குட்டையாகவும் மென்மையாகவும் சுருண்டும் இருப்பது அடிப்பஞ்சு. அது உடற்சூட்டைக் காக்கிறது. மேல்முடி ஃப்ளையின் வால், இறக்கை, மீசை ஆகியவற்றுக்கு உதவும். அடிப்பஞ்சை விரலால் நூலில் திரித்துச் சுற்றினால் பூச்சியின் உடல் உருவாகும். ஒரு முடியின் குறுக்குவெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெளியே செதில் அடுக்கும், அதற்குள் புறணியும், நடுவே மையப்பகுதியும் தெரியும். மான் இனங்களின் உடல் முடியில் காற்று நிறைந்த அறைகளால் ஆன மையப்பகுதி பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த முடி நீரில் மிதக்கிறது. அதை முள்ளின் மேல் வைத்து நூலால் இறுக்கினால் கட்டிய இடத்தில் நசுங்கி, இரு பக்கமும் துடைப்பத்தைப் போல விரிந்து நிற்கிறது. ஆட்டு முடியும் மாட்டு வால் முடியும் அப்படி விரிவதில்லை, படிந்தே இருக்கும். படியும் முடியால் மீன் வடிவம் செய்யலாம், விரியும் முடியால் மிதக்கும் தலை செய்யலாம். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் ஃப்ளை சரியாக வேலை செய்யாது.

முடியின் நுனியும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒருமுறைகூட வெட்டப்படாத முடி நுனியை நோக்கி மெல்ல மெல்லக் கூர்ந்து முடியும். ஃப்ளையின் வால் நீரில் அசைவதும் உயிருள்ளதுபோலத் தோன்றுவதும் அந்தக் கூர்மையால்தான். ஓவியத் தூரிகை செய்பவர்கள் முடியின் நுனியைக் கத்தரிக்காமல் அடிப்பக்கத்தையே கத்தரிப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே எந்த விலங்கிலிருந்து எடுத்தாலும் முடியை அடியில் வெட்டி, நுனிகள் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, அப்போதே நூலால் கட்டிவிட வேண்டும். சலூன் தரையில் கூட்டி அள்ளிய மனித முடியைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பலமுறை வெட்டப்பட்டு நுனி மழுங்கிய முடி அது, வழுக்கலும் அதிகம், நூலின் பிடியில் நிற்காது. குழந்தையின் முதல் முடிக்கு நுனி இருக்கிறதே என்று யாராவது வாதிடலாம். திருச்செந்தூரில் செலுத்திய காணிக்கை கோயிலுக்கு உரியது, அந்த எண்ணமே வேண்டாம்.

இனி நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். திருநெல்வேலிச் சமவெளி வெப்பமானது. இங்கே பிறந்து வளரும் கால்நடைக்கு உடற்சூட்டைக் காக்க வேண்டிய அவசியம் குறைவு. அதனால் நம் விலங்குகளிடம் அடிப்பஞ்சு மிகக் குறைவாகவும், குட்டையான, விறைப்பான, பளபளக்கும் மேல்முடி தாராளமாகவும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துச் செம்மறிகளே இதற்குச் சான்று. கீழக்கரிசல், வெம்பூர் ஆகிய இரண்டும் கம்பளி தராத, முடி மட்டும் உள்ள செம்மறி இனங்கள். பிறநாட்டுப் பாடத்தில் செம்மறிக் கம்பளி என்று எழுதியிருப்பதை நம்பி ஊர்க் கிடைக்குப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். நம் வெயில் தருவதை ஒட்டி எந்த ஃப்ளையைக் கட்டுவது என்று முடிவு செய்தால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

நம் வெயில் தருவதில் முதன்மையானது கன்னி ஆடு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரங்களுக்கே உரிய இந்த வெள்ளாட்டினம் உடல் முழுவதும் கருமையாகவும், முகத்திலும் காதிலும் வயிற்றுப் பக்கத்திலும் கால்களிலும் வெள்ளை அல்லது செம்பழுப்புக் கோடுகளோடும் இருக்கும். வெள்ளைக் கோடு உள்ளதைப் பால்கன்னி என்றும் செந்நிறக் கோடு உள்ளதைச் செங்கன்னி என்றும் சொல்வார்கள். ஃப்ளை கட்டுகிறவருக்கு இந்த நிற அமைப்பு ஒரு வரம் என்றே சொல்லலாம். சிறுமீன்களில் பெரும்பாலானவை முதுகில் இருண்டும் வயிற்றில் வெளிறியும் இருக்கின்றன. சாயம் எதுவும் இல்லாமலே அந்த இரண்டு நிறங்களையும் ஒரே ஆட்டிலிருந்து எடுத்துவிடலாம். எந்த இடத்து முடி என்பதும் முக்கியம். உடலின் பக்கவாட்டு முடி மிகக் குட்டையானது, சிறு பூச்சிகளின் வாலுக்கு மட்டுமே ஆகும். வாலின் முடி அதைவிட நீளமானது. நன்கு வளர்ந்த கிடாயின் தாடியும், கழுத்திலும் முதுகுத்தண்டின் மேலும் வளரும் முடியும்தான் குஞ்சு மீன் வடிவத்துக்குப் போதுமான நீளம் உள்ளவை. தாடி முடி கொஞ்சம் முரடு என்றாலும் நீரில் ஊறியதும் வளைந்துகொடுக்கும்.

இதை வாங்கும் இடம் கறிக்கடைதான், ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். தலையையும் காலையும் தீயில் வாட்டுவது நம் கடைகளின் வழக்கம். வாட்டியபின் அங்கே முடி எதுவும் மிஞ்சாது. ஆகையால் முதல்நாள் மாலையிலேயே கடைக்கார அண்ணாச்சியிடமோ பாயிடமோ சொல்லிவைத்து, விடியற்காலையில் தோலை உரிக்கும்போது வால் நுனியையும் தாடியையும் தனியே எடுத்துவைக்கச் சொல்வதே வழி. எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். தூண்டில் கட்ட என்று நேரடியாகச் சொல்லிவிட்டால் மறுபடி கேட்காமலே எடுத்துவைப்பார்கள். பக்ரீத் நாள்களில் மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நிறையத் தோல் சேரும். ஆனால் குர்பானி கொடுத்தவர்கள் தோலை விற்றுவரும் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்வதில்லை, அது தருமத்துக்குப் போகும். அதில் ஒரு துண்டை வெட்டித் தரும்படி கேட்பது முறையாகாது. தோல் சேகரிக்கும் குழுவிடம் ஒரு முழுத் தோலுக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஊர்க் கொடையில் கிடா வெட்டும் இடத்திலும் கேட்டுப் பார்க்கலாம், படையலும் பங்கும் முடிந்த பிறகு.

உயிருள்ள ஆட்டிலிருந்து எடுப்பதே எல்லாவற்றிலும் எளியது. வயலில் கிடை போட்டிருக்கும் கோனாரிடம் கேட்டால், கிடாயைப் பிடித்து நிறுத்தித் தாடியில் ஒரு பிடி கத்தரித்துக்கொள்ள அவர் மறுக்க மாட்டார். இதில் தோல் இல்லை, கொழுப்பு இல்லை, பதப்படுத்தும் வேலையும் இல்லை. ஆட்டுக்கும் இழப்பில்லை.

மாடுகளில் வால் குஞ்சம் மட்டுமே பயன்படும். பிறநாட்டில் கன்றுக்குட்டி வால் முடியை விற்கிறார்கள். அதன் சிறப்பு அதில் உள்ள இயற்கை நெளிவு. நெளிவுள்ள முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்காமல் இடையே வெற்றிடம் விட்டு நிற்பதால் கொஞ்சம் முடியே நிறையத் தெரியும். சாணம் ஒட்டாமல் இருக்கப் பால்மாட்டின் வால் நுனியைக் கத்தரித்துவிடும் பழக்கம் உள்ள வீடுகளில் கேட்டால் இது செலவில்லாமல் கிடைக்கும். இளம் மாட்டின் வாலைத் தேர்ந்தெடுங்கள், வயது கூடக் கூட முடி முரடாகிறது. எருமை வால் முடி இன்னும் முரடு. குஞ்சு மீனுக்கு ஆகாது. ஆனால் உவரிப் பக்கத்துக் கடலுக்கோ ஆற்று முகத்துக்கோ இறால் வடிவ ஃப்ளை கட்டுகிறவருக்கு, அதன் மீசைக்கு எருமை வால் முடியைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இழை போதும், நீரில் துவளாமல் நிற்கும்.

குதிரை வால் முடிக்கு எதிர்பாராத ஒரு வழி இருக்கிறது. நைலான் வருவதற்கு நெடுங்காலம் முன்பு ஐரோப்பாவில் தூண்டில் கயிறே குதிரை வால் முடியைத் திரித்துச் செய்யப்பட்டது. அதே முடிதான் இன்றும் வயலின் வில்லில் கட்டப்படுகிறது. வில்லுக்கு முடி மாற்றுகிறவர்கள் பழைய முடியைத் தூக்கி எறிகிறார்கள். அதில் படிந்திருக்கும் பைன் மரப் பிசினை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தால், நீண்ட, வெண்மையான, ஒரே பருமனுள்ள இழைகள் கிடைக்கும். பூச்சி உடலின் மேல் வளையம் வளையமாகச் சுற்றுவதற்கு அவை அருமையானவை.

அடிப்பஞ்சுக்குத்தான் நாம் சமவெளிக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. முயல் இதில் சிறந்தது. இங்கே முயல் என்று நான் குறிப்பிடுவது பண்ணை முயலை மட்டுமே. காட்டு முயலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் முயல் இனங்களையும் வளர்த்துப் பரப்பிவருகிறது. சோவியத் சின்சில்லா என்னும் சாம்பல் நிற இனம் தமிழகப் பண்ணைகளில் பரவலாக இருக்கிறது. இந்த இனத்தின் ஒவ்வொரு முடியும் அடியில் ஈய நிறம், நடுவில் வெளிறிய பட்டை, நுனியில் கருமை என்று பல நிறம் கொண்டது. அதைக் கத்தரித்துக் கலந்து திரித்தால் எந்தச் சாயத்தாலும் வராத, உயிருள்ள பூச்சியின் கலவை நிறம் வருகிறது. பதப்படுத்திய முயல் தோலைத் தோல் பக்கத்திலிருந்து பிளேடால் கீறி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாகவும் எடுக்கலாம். முடிப் பக்கத்திலிருந்து வெட்டினால் முடிகள் பாதியில் அறுந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது. இந்த நாடாவை முள்ளின் முதுகில் கட்டி இழுத்தால் நீரில் அது அசைவது, விராலின் கண்ணுக்கு அட்டையாகவோ தவளைக் குஞ்சாகவோ படுகிறது.

வீட்டு நாய்களில் நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களால் பயனில்லை. அவையும் வெயில் நாட்டுப் பிறவிகள், முடி மிகக் குட்டை. ஆனால் பாளையங்கோட்டை வீடுகளில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடக்கும் லாப்ரடாரும் பொமரேனியனும் குளிர்நாட்டு உடம்போடு வந்தவை. அவற்றைச் சீப்பால் வாரும்போது கை நிறைய அடிப்பஞ்சு வரும். வளர்ப்பவர்கள் அதை மகிழ்ச்சியோடு கொடுத்தும் விடுவார்கள். பாரசீகப் பூனையின் உரோமம் இன்னும் நுண்மையானது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. உண்ணிக்காகக் கழுத்தில் விடும் மருந்துகள் சிலவற்றில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. அவை நீர்ப்பூச்சிகளுக்கு மிகக் கொடிய நஞ்சு. செல்லப் பிராணிகளிடமிருந்து வந்த அந்த நஞ்சு இங்கிலாந்தின் ஆறுகளிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. மருந்து விட்டுச் சில வாரங்கள் கழியாத நாயின் முடியைக் கையாளவும் வேண்டாம், தண்ணீரில் இடவும் வேண்டாம்.

நீளமான முடிக்கு நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு மூலம், கோயிலில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரம். அது இமயமலைப் பகுதியில் வளர்க்கப்படும் யாக் மாட்டின் வால் முடி. பாரை, ஊழி போன்ற கடல் மீன்களுக்கான பெரிய ஃப்ளைகளுக்கு யாக் முடியைத்தான் உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள். ஒரு சாணுக்கும் மேல் நீளம், சாயத்தை எளிதில் ஏற்கும் வெண்மை, நீரில் ஒட்டிக்கொள்ளாமல் அலையும் தன்மை ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளைப் போன்ற பூஜைப் பொருள் கடைகளில் சாமரம் விற்பனைக்கு இருக்கும், ஆனால் இப்போது வருவதில் நைலானும் கலந்திருக்கிறது. ஒரே ஓர் இழையைக் கேட்டு வாங்கித் தீயில் காட்டிப் பாருங்கள். உண்மை முடி தீய்ந்த நாற்றத்தோடு கருகி விரலில் பொடியாகும். நைலான் உருகிக் கடினமான மணியாகத் திரளும். வழிபாட்டில் இருந்த சாமரத்தை வாங்குவது எனக்கு உவப்பானதல்ல, புதிதாக வாங்கியதைப் பிரிப்பதில் தடையில்லை.

இவ்வளவு இருந்தும், மான் முடிக்கு நிகரான பொருள் நம் வீட்டு விலங்குகளில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாஞ்சோலை மலைப்பாதையில் மிளாவும், வல்லநாட்டுக் குன்றில் வெளிமானும் கண்ணுக்கெதிரே நிற்கும்போது, உதிர்ந்து கிடக்கும் முடியை எடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பாதுகாக்கப்பட்ட விலங்கு வேட்டையாடப்பட்டதாக இருந்தாலும், சாலையில் அடிபட்டு இறந்து கிடப்பதாக இருந்தாலும், அது அரசின் சொத்து என்பது அந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. வண்டியில் அடிபட்ட மிளாவின் வாலை அறுத்து வந்தவர், தான் கொல்லவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தண்டனை சிறைவரை போகும். காட்டு முயல், கீரி, மரநாய், முள்ளம்பன்றி, குரங்கு அனைத்துக்கும் இதே நிலைதான். கீரி முடியால் செய்த ஓவியத் தூரிகைகள் வெகுகாலம் கடைகளில் விற்கப்பட்டதால் அது கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தூரிகையை விற்பதும் குற்றம், அதைப் பிரித்து ஃப்ளை கட்டினாலும் அது கீரி முடிதான். யானைமுடி மோதிரத்துக்கும் இது பொருந்தும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெருகிட்ட துளிகள் போன்ற புள்ளிகள் இருக்கும். பிரிட்டனின் சால்மன் ஃப்ளைகளுக்குக் கண்ணாகப் பொருத்துவதற்காக அந்த இறகுகள் இங்கிருந்து ஏராளமாகக் கப்பலேறின; பின்னர் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது பிரிட்டனில் அந்தக் கோழியைப் பண்ணையில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். அங்கே வளர்த்து எடுக்க முடிகிறது என்னும்போது, களக்காட்டு மலையில் அதற்குக் கண்ணி வைப்பதற்கு எந்த நியாயமும் மிச்சமில்லை. இறகு வேண்டுமென்றால் நாட்டுச் சேவலின் கழுத்திறகு கறிக்கடைக் கூடையிலேயே கிடக்கிறது.

மிதக்கும் ஃப்ளைக்கு, மான் முடியின் இடத்தில் ரப்பர் செருப்புக் கடைகளில் கழித்துப் போடும் ஃபோம் தாளைப் பயன்படுத்தலாம். முடி தேடும் கட்டுரையில் இதைச் சொல்வது பொருத்தமாக இல்லைதான், ஆனால் விராலுக்கான மிதக்கும் தவளைக்கு ஃபோம் தலையும் முயல் நாடாக் கால்களும் நன்றாகவே பொருந்துகின்றன. அமெரிக்க வெள்ளைவால் மானின் வால் அங்கே சட்டப்படி வேட்டையாடப்படும் மானின் உபபொருளாக விற்கப்படுகிறது. ஆனால் விலங்குப் பொருள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியைக் கேட்பார்கள். தொடக்கநிலையில் அந்த அலைச்சல் தேவையற்றது.

முடி கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவற்றில், முதலில் சொல்ல வேண்டியது ஒரு தடை: தானாக இறந்து கிடந்த ஆடுமாட்டின் முடியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அடைப்பான் என்று நம் ஊரிலும் ஆந்த்ராக்ஸ் என்று மருத்துவத்திலும் சொல்லப்படும் நோயில் இறந்த விலங்கின் தோலிலும் முடியிலும் அந்தக் கிருமியின் வித்துகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மனிதர் அதை மூச்சில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் வெளிநாட்டுக் கம்பளியையும் ஆட்டு முடியையும் தரம் பிரித்த தொழிலாளர்கள் இதே நோயால் இறந்தார்கள். அறுக்கும் முன் நலமாக இருந்தது என்று தெரிந்த விலங்கு, அல்லது உயிரோடு நிற்கும் விலங்கு: இந்த இரண்டைத் தவிர வேறு வழி வேண்டாம்.

வாலை முழுதாகக் கொண்டுவந்தால், அடிப்பக்கத்தில் நீளவாக்கில் கீறி எலும்பை உருவிவிட்டு, ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்தெடுக்க வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் நாற்றமும் வண்டும் நிச்சயம். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் நீர் சூடாக இருக்கக் கூடாது, ஏனென்றால் சுமார் 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பச்சைத் தோல் சுருங்கி முடி கழன்றுவிடும். ஈரத்தை ஒற்றி எடுத்தபின், பொடித்த கல் உப்பைத் தோல் பக்கத்தில் கனமாகத் தேய்த்து, ஒரு பலகையில் முடி கீழே இருக்கும்படி விரித்து ஆணியடித்து நிழலில் காயவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரத்தை உப்போடு கலந்தால் பூச்சித் தொல்லை குறையும். கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். நம் சித்திரை வைகாசி வெயிலில் நிழலிலேயே ஒரு வாரத்தில் அட்டைபோல் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. நேர்வெயிலில் வைத்தால் தோல் முறுகி, முடியின் கருமையும் வெளுத்துப்போகும்.

காய்ந்தபின்னும் அந்துப்பூச்சி முட்டை எங்காவது ஒளிந்திருக்கலாம். காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்துச் சில நாள் விட்டு, மீண்டும் ஒருமுறை வையுங்கள். முதல்முறை தப்பிய முட்டையிலிருந்து வெளிவருவது இரண்டாம் முறையில் அழியும். பையில் என்ன இருக்கிறது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேப்பிலை வாசனை தருமே தவிர புழுவைக் கொல்லாது. அந்துருண்டை கொல்லும், ஆனால் சில பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கிவிடும் என்பதால் தகர டப்பாவே நல்லது.

சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முடி புரதத்தால் ஆனது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயம் வினிகரோடு சேர்ந்து அதில் பிடிக்கும், பருத்திக்குப் போடும் சாயம் சரியாகப் பிடிக்காது. கொதிக்க வைக்காமல் நேரத்தைக் கூட்டுங்கள். தேயிலை வடிநீர் ஒன்றே வெள்ளை முடியை மணல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஆற்று மீனுக்கு அதுவே பெரும்பாலும் போதுமானது.

சேகரித்த முடியைச் சோதிக்க, குஞ்சு மீன் வடிவத்தில் ஒரு ஃப்ளை கட்டிப் பார்ப்பது நல்லது. பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் என்பவர் 1987-இல் சஸ்குவஹானா ஆற்று மீனுக்காக உருவாக்கிய அமைப்பு இன்று கடலிலும் ஆற்றிலும் உலகமெங்கும் கட்டப்படுகிறது. அவர் பயன்படுத்தியது மான் வால் முடி, நமக்குக் கிடா முடி போதும். முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் இரட்டை உருண்டை வடிவ ஈயக் கண்ணைக் குறுக்காக வைத்து இறுக்கிக் கட்டுங்கள். அந்த எடையால் ஃப்ளை நீரில் தலைகீழாகத் திரும்பி, முள்ளின் முனை மேல்நோக்கிப் பயணிக்கும். அடியில் உள்ள பாசியிலும் கல்லிலும் சிக்காது. பால்கன்னியின் வெள்ளை முடியைத் தீக்குச்சிப் பருமனுக்குக் குறைவாக எடுத்து, பேனா மூடிக்குள் நுனி கீழாக இறக்கி மேசையில் தட்டினால் நுனிகள் ஒரே மட்டத்துக்கு வரும். அதை ஒரு பக்கத்திலும், கருமுடியை எதிர்ப் பக்கத்திலும் கட்டுங்கள். நீரில் முள் தலைகீழாகும்போது எந்த நிறம் முதுகாகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். முள்ளின் வளைவு இருக்கும் பக்கமே மேலே வரும், கருமுடி அந்தப் பக்கம்தான். முடியைக் குறைத்துக் கட்டுவதே இதில் கடினமான பாடம். தொடங்குகிறவர் எல்லோரும் இரு மடங்கு கட்டுகிறார்கள், அது நீரில் அசையாமல் கட்டையாக வருகிறது. ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள்: ஊடே அடிப்பக்கம் தெரியுமளவுக்கு மெலிதாக இருந்தால் சரியான அளவு.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மீன் பிடிக்கக் கூடாது. பாபநாசம் படித்துறை மீன்கள் பக்தர்கள் பொரி போட்டு வளர்ப்பவை, அங்கும் தூண்டிலுக்கு இடமில்லை. குளங்களில் பாசி குத்தகைதாரரின், அதாவது மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரின், அனுமதி வேண்டும். மற்றபடி ஆற்றின் கீழ்ப்பகுதியும் உவரி, இடிந்தகரைக் கடலோரமும் இருக்கின்றன. முடி வைத்திருக்கும் ஒவ்வொரு பையிலும் விலங்கு, இடம், வாங்கிய தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, விலை கொடுத்து வாங்கியதற்குச் சீட்டு இருந்தால் அதையும் உள்ளே வைத்துவிடுங்கள். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கும் வனக்காவலருக்கு, கறுத்த முடிக்கற்றை ஆட்டினுடையதா கரடியினுடையதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. கடைக்காரரின் சீட்டும் தோலோடு இருக்கும் முழு வாலும் காட்ட முடிந்தால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும்.